கடைசிப் பெயர் வரை

நல்லூர், திருப்பூர்
27.10.2025

மோனிஷாவுக்கு, அப்பா எழுதுவது.

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று சிவன்மலை முருகன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சொன்னவன் நான். ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்களிடம் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் நீ கல்யாணம் செய்துகொண்டதை நான் மறக்கவில்லை, சொன்ன சொல்லிலும் மாற்றமில்லை. ஆனால் எழுத மாட்டேன் என்று முருகனிடம் நான் சொல்லவில்லை. நேற்றுதான் இது எனக்கு உறைத்தது. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் கம்பெனி மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது கால் எலும்பில் விரிசல். உன் அம்மா சொல்லியிருப்பாள். அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிற சாக்கில் உன்னோடு போனில் குசுகுசுப்பது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் தெரியாதவன் மாதிரியே இருந்துகொள்கிறேன்.

மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அருள்புரம் கம்பெனியில் துணி செக்கிங் முழுவதும் என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். முதலாளி நல்ல மனுஷன். துணியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், வீட்டிலிருந்தே ரிப்போர்ட் அடித்துக் கொடுங்கள் என்றார். அதற்காக நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப்பை எடுத்தேன். அது ஆன் ஆவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆன பிறகு, இதற்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, புது விண்டோஸ் இதில் ஏறாது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள் என்று மூஞ்சிக்கு நேரே எழுதிக் காட்டுகிறது.

கடைக்காரனிடம் கொடுத்தனுப்பினால், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க" என்றானாம். ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை. ஒரு பட்டன் தேயவில்லை. தையல் பிரியாத சட்டையைக் குப்பையில் போட எனக்கு மனசு ஒப்பவில்லை. எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் படித்தவள் நீ ஒருத்திதான். வழி இருந்தால் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் விலாசம் அம்மாவின் கடுகு டப்பாவில் இருந்தது. கவரின் மேல் உன் பெயருக்கு முன்னால் எந்த இனிஷியலைப் போடுவது என்றுதான் வெகுநேரம் யோசித்தேன். கல்யாணம் ஆனவர்கள் புருஷன் இனிஷியலுக்கு மாறிக்கொள்வது வழக்கம். அதை என் கையால் எழுத மாட்டேன். வெறும் மோனிஷா என்று எழுதியிருக்கிறேன். போஸ்ட்மேன் கண்டுபிடித்துக்கொள்வார்.

லிங்கசாமி

*

புனே
5.11.2025

அன்புள்ள அப்பா,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். சரி. உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்பதை எழுதவில்லை. கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

இத்துடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒன்றுதான், ஆனால் இதற்கு முதலாளி கிடையாது. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காசு தர வேண்டாம். திருட்டு காப்பியும் இல்லை. பழைய மெஷினில் நன்றாக ஓடும்.

கூடவே ஒரு தாளில் செய்முறை இருக்கிறது. பன்னிரண்டு படிகள். அதில் இருப்பது என் கையெழுத்து இல்லை. யாருடையது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானும் சொல்லப் போவதில்லை.

ரிப்போர்ட் அடிக்கத் தேவையானது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஒரு விளையாட்டும் இருக்கிறது. வெறும் நிலம் கொடுப்பார்கள். ரோடு போட்டு, தண்டவாளம் போட்டு, ஊருக்கு ஊர் பஸ்ஸும் ரயிலும் விட வேண்டும். கம்பெனியில் சேருவதற்கு முன்னால் டவுன் பஸ் டிரைவராகப் போக நீங்கள் லைசென்ஸ் வரை எடுத்துவிட்டீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாருங்கள்.

அன்புடன்,
மோனிஷா

*

நல்லூர்
18.11.2025

மோனிஷாவுக்கு,

ஏறிவிட்டது.

அந்தத் தாளை எழுதியவர் யாராக இருந்தாலும், படிக்கிறவன் மனசு தெரிந்து எழுதியிருக்கிறார். ஏழாவது படியில், "இங்கே, டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழியும் என்று கேட்கும். பயம் வரும். போட்டோக்களை ஆறாவது படியிலேயே எடுத்து வைத்துவிட்டதால் பயப்பட வேண்டாம்" என்று இருந்தது. சரியாக அந்த இடத்தில்தான் எனக்குக் கை நின்றது. கட்டிங் டேபிளில் புதுத் துணி லாட் விரிப்பதற்கு முன்னால் பழைய துண்டு ஒன்றுகூட இல்லாமல் துடைப்பது எங்கள் வழக்கம். அது தெரிந்தும் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லித்தான் அமுக்கினேன்.

இருபது நிமிஷம். இப்போது பட்டனை அமுக்கி டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் வந்து நிற்கிறது. இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பிரிண்டரின் வயரைச் சும்மா சொருகினேன். சி.டி. கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பிரிண்டர் தயார் என்றது. உன் அம்மாவின் ஆதாரை அச்சடித்துப் பார்த்தேன். "ஏனுங்க, செத்ததுன்னு சொன்னீங்களே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஹெட்போன் மட்டும் இன்னும் சேரவில்லை. எங்கள் கம்பெனி அக்கவுண்டன்ட் வேல்குமார் சிரிக்கிறார். "அண்ணா, சும்மா குடுக்கறாங்கன்னா எதையோ புடுங்கறதுக்குத்தானுங்க" என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நம் ஊரில் ஒரு பட்டன் கட்டினாலும் பீஸுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள். எவனோ வெள்ளைக்காரன் எனக்கு எதற்காக பிரிண்டரை ஓட்டிக் கொடுக்க வேண்டும்? அவனுக்கு நான் யார்?

எதை வாங்கினாலும் முதலில் லேபிளைப் படிக்கிறவன் நான். முப்பத்தொரு வருஷப் பழக்கம். அந்த விளையாட்டைத் திறந்து, விளையாடாமல், "இதைப் பற்றி" என்று இருந்ததை அமுக்கினேன். செய்தவர்கள் பெயர் கீழிருந்து மேலே ஊர்ந்து போகிறது. படித்துக்கொண்டே இருந்தேன். முடியவில்லை. கழுத்து வலித்தது. உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. இத்தனை பேரா?

லிங்கசாமி

*

புனே
25.11.2025

அன்புள்ள அப்பா,

இத்தனை பேர்தான். ஒருவருக்கொருவர் முகம்கூடப் பார்த்ததில்லை. ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார், ஒருத்தர் ராத்திரி ஷிப்ட் நர்ஸ், ஒருத்தர் ரிட்டயர் ஆன தபால்காரர். வேலை முடிந்து வந்து, ஒருத்தர் ரோட்டை வரைகிறார், ஒருத்தர் அதில் இருக்கும் பிழையைத் திருத்துகிறார்.

எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எனக்கும் புரியவில்லை. தனக்குத் தேவையானதைச் செய்கிறார்கள், செய்ததைப் பூட்டி வைக்காமல் விடுகிறார்கள். அடுத்தவர் வந்து அதில் தன் பங்கைச் சேர்க்கிறார். புடுங்கிக்கொள்வதற்கு இதில் ஒன்றுமில்லை என்று வேல்குமார் அண்ணனிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்தப் பெயர்ப் பட்டியலில் முதலில் எழுதினவர்கள், பிறகு படம் வரைந்தவர்கள், கடைசியில் ஒவ்வொரு மொழிக்கும் மாற்றினவர்கள் வருவார்கள். முடிந்தால் ஒருநாள் கடைசி வரை படியுங்கள்.

ஹெட்போனுக்கு என்ன செய்வது என்று தனித் தாளில் இருக்கிறது. அதே கையெழுத்துதான்.

மோனிஷா

*

நல்லூர்
9.12.2025

மோனிஷாவுக்கு,

ஹெட்போன் பாடுகிறது.

உள்ளே திறந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தாயே, பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் மூடி வைக்கவில்லை பார், அதில் அசந்துபோய்விட்டேன். சட்டையை வாங்கினால் உள்பக்கத்தைப் புரட்டித் தையல் பார்க்காமல் நான் விட்டதில்லை. இந்த வயது வரை என்னிடம் வந்த டி.வி., போன், மிக்சி, எதுவும் உள்பக்கம் பார்க்க விட்டதில்லை. பிரித்தால் கேரன்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். இவர்கள் வா, பார், திருத்து என்கிறார்கள். நெஞ்சில் பயமில்லாத ஆட்கள்.

விளையாட்டையும் தொட்டேன். முதல் மூன்று நாள் என் பஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதில் வரும் ஊர்களுக்கு நம் பக்கத்துப் பெயர்களையே வைத்துவிட்டேன், இப்போது நல்லூரிலிருந்து அருள்புரத்துக்கு நாற்பது பஸ் ஓடுகிறது. பல்லடம் ரோட்டில் ஒரு நெரிசல் இல்லை. கொமரலிங்கத்துக்குத் தண்டவாளம் போட்டுவிட்டேன். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டு முதல் ரயில் போனபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னச் சின்ன ஆட்கள் வந்து ஸ்டேஷனில் நிற்கிறார்கள். எவனோ ஒருவன் உட்கார்ந்து அத்தனை சின்னதாக, குடை பிடித்தவன் ஒருவனைக்கூட வரைந்திருக்கிறான். யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிடவில்லை.

மூலையில், கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செக்கிங்காரன் கண் சும்மா இருக்காது. ஸ்கிரீனைப் பிரிண்ட் எடுத்து, துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மொத்தம் பதினோரு குறை. அதில் பத்து, தமிழில். டிப்போவைப் "பணிமனைக் கூடாரம்" என்று எழுதியிருக்கிறார்கள். பழுதான பஸ்ஸுக்கு "வாகனம் உடைந்துவிட்டது" என்று வருகிறது, முதல் தடவை படித்துவிட்டு பயந்தே போனேன். இதைத் தமிழுக்கு மாற்றினவர் காதைப் பிடித்துத் திருக வேண்டும். அவர் வீட்டில் தமிழ் பேச ஆளே இல்லை போலிருக்கிறது.

பதினோராவதுதான் பெரிய குறை. சிவப்பு பஸ் கிழக்கே போகும்போது ஒரு சிவப்பு. மேற்கே திரும்பினால் வேறு சிவப்பு. வெயில் படுகிற பக்கம் என்று முதலில் நினைத்தேன். பச்சை பஸ்ஸையும் நீல பஸ்ஸையும் ஒரு மணி நேரம் பார்த்தேன், அவை மாறவில்லை. சிவப்பு மட்டும் மாறுகிறது. ஒரே சட்டையில் உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக வந்தால் ஷேட் வேரியேஷன் என்போம். அதற்கு ஒரு லாட்டே திரும்பி வந்துவிடும். இவர்கள் எப்படிப் பாஸ் பண்ணினார்கள் என்று தெரியவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்.

லிங்கசாமி

*

புனே
22.12.2025

அன்புள்ள அப்பா,

ஸ்டிக்கர் ஒட்டிய தாள்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். பிறகு அந்தத் தமிழ் பற்றிய வரி வந்தது.

தமிழுக்கு மாற்றினவளை எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னது சரிதான். அவள் வீட்டில் தமிழ் பேசுகிறவர் ஒருத்தர் பேசுவதை நிறுத்திவிட்டார். அதனால் டிப்போவைப் பற்றியெல்லாம் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. பத்துக் குறைகளையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள்.

பதினோராவதை, விளையாட்டில் இருக்கும் குறைகளைச் சொல்வதற்கென்றே உள்ள இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டோம். உங்கள் தாளையும் அப்படியே ஸ்கேன் எடுத்துச் சேர்த்தோம், அம்பு ஸ்டிக்கரோடு. அந்த பஸ்ஸை வரைந்தவர் பின்லாந்தில் இருக்கிறார். இரண்டாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. தமிழில் சொல்கிறேன்:

"பன்னிரண்டு வருஷமாக இந்த பஸ் ஓடுகிறது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் தினமும் பார்க்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மேற்குப் பார்த்த படத்தில் மட்டும் நிறத்தின் எண் மாறியிருக்கிறது, என் தவறு. இதைக் கண்ட மனிதர் யார்? அவருக்கு எப்படித் தெரிந்தது?"

திருப்பூரில் பனியன் துணி செக் பண்ணுகிறவர், கால் முறிந்து வீட்டில் இருக்கிறார் என்று எழுதினேன். அதற்கு அவர், தான் இப்போது போட்டிருக்கும் பனியனைக் கழற்றி லேபிளைப் பார்த்ததாகவும், அதில் மேட் இன் இந்தியா என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

மோனிஷா

*

நல்லூர்
3.1.2026

மோனிஷாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். பின்லாந்து எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்த்தேன். அங்கே இப்போது பகலிலேயே இருட்டாம். அந்த இருட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷன், இவர் யார் என்று கேட்கிறார். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்கள் கோடி இருக்கும். எங்கள் துணியை வாங்குகிற எந்த பையரும் அதை ஒட்டியது யார் என்று கேட்டதில்லை. பாஸா, ரிஜெக்டா, அதோடு சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது வேறு விஷயம். பொங்கலுக்கு நீ வரப் போவதாக உன் அம்மா ஜாடையாகச் சொன்னாள். வராதே.

கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது. உன் கல்யாணம் முடிந்த வாரம் கம்பெனியில் வேல்குமார் தன் போனில் உன் கல்யாணப் போட்டோவைக் காட்டி, "அண்ணா, எங்களுக்கெல்லாம் பத்திரிகை இல்லீங்களா" என்று கேட்டார். செக்கிங் டேபிளைச் சுற்றி இருபது பேர். என் ஒரே மகளுக்கு, அவளைப் பெற்றவன் என்று என் பெயரைப் போட்டு ஒரு பத்திரிகை இந்த உலகத்தில் இல்லை. நீ கட்டிக்கொண்டவர் எந்த ஊர், என்ன ஆள் என்பதெல்லாம் அப்புறம். என் பெயர் இல்லை என்பதுதான் எனக்கு அடி.

ஆனால் வராதே என்பது அதற்காக இல்லை. நீ வாசலில் வந்து நின்றால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. முருகனிடம் சொன்ன சொல் போய்விடும். எழுதிக்கொண்டே இரு. அது போதும்.

லிங்கசாமி

*

புனே
12.1.2026

அப்பா,

பொங்கலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள், நானும் ஒன்றை எழுதிவிடுகிறேன். சொல்லாமல் செய்தேன் என்பது உண்மை. தப்பு என்னுடையது. ஆனால் சொல்ல வந்தேன் அப்பா. மூன்று நாள் சாயங்காலம் கம்பெனிக்கே வந்து உங்கள் டேபிள் பக்கத்தில் நின்றேன். முதல் நாள், "இந்த லாட் முடியட்டும்" என்றீர்கள். இரண்டாம் நாள் ஷிப்மென்ட். மூன்றாம் நாள் நீங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தீர்கள். எனக்குத் தைரியம் போய்விட்டது. நாலாம் நாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விளையாட்டின் புது அப்டேட் இந்த மாதக் கடைசியில் வரும். உங்கள் சிவப்பு பஸ் சரியாகியிருக்கும். அப்டேட் ஆனதும் அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்து, ஒரே ஒரு தடவை கடைசிப் பெயர் வரை படியுங்கள். கழுத்து வலித்தால் அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள். இதைத் தவிர நான் உங்களிடம் வேறு எதுவும் கேட்கப் போவதில்லை.

மோனிஷா

*

நல்லூர்
2.2.2026

மோனிஷா கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் நான் லேப்டாப்பில் ரிப்போர்ட் தவிர வேறு எதையும் திறக்கவில்லை. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அந்தத் தண்ணீர் பாட்டில் எனக்கு நினைவு வந்துவிட்டது. பச்சை மூடி. அன்றைக்கு என் முன்னால் இருந்தது கறுப்புத் துணி. ஊசி முனை அளவு ஓட்டையை அதில் தேடிக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு முழத் தூரத்தில் நின்ற என் மகள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. நான் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அப்டேட் வந்தது. அமுக்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு சிவப்பு பஸ்ஸை எடுத்து, கிழக்கே விட்டு, மேற்கே திருப்பினேன். ஒரே சிவப்பு. கையைத் தட்டிவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். உலகத்தில் எத்தனை வீட்டில் இந்த பஸ் ஓடுகிறதோ அத்தனை வீட்டிலும் இன்றைக்கு ஒரே சிவப்பாகத் திரும்புகிறது, நல்லூரில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஒருவன் சொன்னதற்காக. பழுதான பஸ்ஸும் "பஸ் வழியில் நின்றுவிட்டது" என்றுதான் சொன்னது.

பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். உன் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தோம். நானூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். வாயில் நுழையாத பெயர்கள். எந்த நாடு, எந்த ஜாதி, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் தைத்து அனுப்புகிற பனியனில் தைத்தவள் பெயரோ, வெட்டினவன் பெயரோ, பார்த்துப் பாஸ் பண்ணினவன் பெயரோ எங்கேயும் இருக்காது. இங்கே குடை பிடித்தவனை வரைந்தவன் பெயர்கூட இருக்கிறது. கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது கண்ணு, பொய் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம் தமிழில் வந்தது. உன் அம்மாதான் படித்தாள்.

"நிறப் பிழையைக் கண்டவர்: லிங்கசாமி, நல்லூர், திருப்பூர்."

இதே பெயரில் நல்லூரில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று உன் அம்மாவைக் கேட்டேன். "உங்க பேருதானுங்க" என்றாள். நான் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குக் கீழே, "தமிழாக்கம்: லி. மோனிஷா. வே. தரணீதரன்."

உன் அம்மா மறுபடி படித்தாள். "ஏனுங்க, லி போட்டிருக்குதுங்க. லி தானுங்க போட்டிருக்குது" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

நீ என் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டாய் என்று ஒன்றரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கவரில்கூட உன்னை வெறும் ஆளாக எழுதினேன். நீயோ யாரும் படிக்காத இடத்தில், நான் பார்ப்பேன் என்று உனக்கே தெரியாத காலத்தில், அதை வைத்திருக்கிறாய். அந்தத் தமிழை எழுதினவள் காதைத் திருக வேண்டும் என்று எழுதினேன். வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லை என்றும் எழுதினேன். நீ எழுதிய பதிலை மறுபடி எடுத்துப் படித்தேன். இத்தனை வருஷம் செக்கிங் பண்ணியவன், அந்த வரியையும் அன்றைக்குப் பார்க்காமல் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

நேற்று தைப்பூசம். கோலை ஊன்றிக்கொண்டு, உன் அம்மாவோடு ஆட்டோ பிடித்து சிவன்மலைக்குப் போனேன். சரியான கூட்டம். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. முருகா, உனக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தண்டனை என்னவோ அதை எனக்கே கொடு, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொல்லி, முடியை இறக்கிக் கொடுத்துவிட்டேன். இந்த ஐம்பத்தெட்டு வயதில், நினைவு தெரிந்து முதல் மொட்டை. உன் அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்பில் கூப்பிடுகிறேன். கேமரா வேலை செய்கிறது, வேல்குமாரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டேன். நீயும் தலையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. உகாதிக்கு அங்கே லீவு இருக்குமாமே, இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு.

ஒன்று மட்டும். முதலில் மாப்பிள்ளையிடம் கொடு. எடுத்ததும் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அந்தப் பன்னிரண்டு படி எழுதின கைக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒரு சந்தேகமும் கேட்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் புனே என்று பெயர் வைத்துவிட்டேன். பாலம் பாதி வரை போட்டேன், அதற்கு மேல் போகவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

கவரின் மேல் இரண்டு பேர் பெயரையும் இனிஷியலோடு எழுதியிருக்கிறேன். போஸ்ட்மேனுக்கு இந்த முறை கஷ்டம் இருக்காது.

உன் அப்பா,
லிங்கசாமி